தோல் மருத்துவரின் அறையில் 12 வயது மொழிபெயர்ப்பாளர்

பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இன்றைய உரை ஒரு சிறு வெள்ளைப் புள்ளியைப் பற்றியது. நோர்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத பேர்கன் நகரில் வாழும் ஒரு தமிழ்த் தாயின் நெற்றியில், இரு புருவங்களுக்கும் நடுவே அந்தப் புள்ளி தோன்றியது. முதலில் மிளகளவாக இருந்தது. சில மாதங்களில் விரல் நுனியளவுக்கு விரிந்தது. அந்தத் தாய் ஒரு துப்புரவுப் பணியாளர். நாள் முழுவதும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் புழங்கும் அவருடைய கைகள் ஏற்கெனவே வெடித்துக் கரடுமுரடாகியிருந்தன. இரவில் அரிப்பும் இருந்தது. கைகளை அவர் பொருட்படுத்தவில்லை. உழைக்கும் கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அவருடைய நித்திரையைக் கெடுத்தது நெற்றிப் புள்ளிதான். வீட்டில் ஒரு பெண்பிள்ளை வளர்கிறாள். நாளைக்கு நான்கு பேர் நான்கு விதமாகப் பேசமாட்டார்களா? முன்முடியை இழுத்துவிட்டு மறைத்துப் பார்த்தார். கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டார்.

நோர்வேயின் பொதுச் சுகாதார சேவையில் தோல் நோய் நிபுணரைக் காண்பதற்குக் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தரக் குடும்ப மருத்துவர் என்ற ஏற்பாடு அந்நாட்டில் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. கடிதம் போய், வாரக் கணக்கில் காத்திருந்து, நாள் குறிக்கப்பட்டது. கணவருக்கு அன்று வேலை. தாயின் நோர்வேஜிய மொழி வேலைத்தளத்துக்கும் கடைக்கும் போதுமானது, மருத்துவமனைக்குப் போதாது. ஆகவே ஏழாம் வகுப்பில் படிக்கும் 12 வயது மகளைப் பாடசாலையிலிருந்து மறித்து, கூட அழைத்துச் சென்றார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மருத்துவர் கேட்டார். வேண்டாம், மகள் இருக்கிறாள் என்று தாய் புன்னகையுடன் கூறினார். மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டார். அந்த இடத்திலேயே இரு தரப்பும் பிழை செய்துவிட்டன. அவ்விரு பிழைகளுள் பெரியது எது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

தாய் மகளிடம் சொன்னார்: "இது வெண்குட்டமோ எண்டு கேள் பிள்ளை."

பேர்கனில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. கைப்பேசியை எடுத்துத் தேடினாள். "வெண்" என்றால் வெள்ளை. "குட்டம்" என்றால் தொழுநோய். நோர்வேஜிய மொழியில் அதற்கு லெப்ரா என்று வந்தது. அம்மா தனக்கு லெப்ராவா என்று கேட்கிறார் என மருத்துவரிடம் சொன்னாள்.

அந்தப் பிள்ளை அகராதியைச் சரியாகவே பார்த்தாள். பிழை நம்முடைய பழைய சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் விற்றிலிகோ எனப்படும் நிறமிழப்புக்கு எங்கள் முன்னோர் தொழுநோயின் பெயரையே ஒட்டிவைத்தார்கள். உண்மையில் இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. அதன் படைகளில் தொடு உணர்ச்சி குறைந்துவிடும். நிறமிழப்பில் உடலின் எதிர்ப்பாற்றலே தோலுக்கு நிறம் தரும் கலங்களைத் தாக்குகிறது. கிருமி இல்லை, தொற்று இல்லை, உணர்ச்சி இழப்பும் இல்லை. தமிழில் இப்போது வெண்புள்ளி என்ற நல்ல சொல் வழக்குக்கு வந்துள்ளது. ஆயினும் பயம் வந்தால் மனிதர் வாயில் வருவது பாட்டி சொன்ன சொல்தான்.

மருத்துவர் தன் கடமையைச் செய்தார். இலங்கையில் பிறந்தவர் தொழுநோய் என்று ஐயப்பட்டால் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. எங்கே வளர்ந்தீர்கள், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பிள்ளையின் ஊடாகவே போனது. பிறகு, அந்த இடம் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். மகள் யோசித்து, வீட்டில் கேட்டறிந்த சொல்லைத் தேர்ந்தாள்: "அம்மா, விறைக்குதோ?"

யாழ்ப்பாணத் தமிழில் மரத்துப்போவதற்கும் விறைப்புத்தான், குளிரில் நடுங்குவதற்கும் விறைப்புத்தான். சொல் சரியானது. ஆனால் வெளியே பனிக்காலம். "நோர்வேயில விறைக்காமல் இருக்குமோ? ஓம் எண்டு சொல்லு" என்றார் தாய். பிள்ளை ஆம் என்றாள். தொழுநோயைத் தீர்மானிக்கும் மிக முக்கியமான கேள்விக்கு ஆம் என்று பதில் பதிவானது!

மருத்துவர் பஞ்சை எடுத்து நெற்றியிலும் கைகளிலும் நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி எங்கும் குறைந்திருக்கவில்லை. இது லெப்ரா என்று தான் நினைக்கவில்லை என்றார். நோர்வேஜியர் பேச்சில் "நினைக்கவில்லை" என்பது பல வேளைகளில் "இல்லவே இல்லை" என்பதன் பணிவான வடிவம். 12 வயதுப் பிள்ளைக்கு அது ஐயமாகவே கேட்டது. தாய் ஆவலோடு பார்க்க, அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்டுமில்லையாம் அம்மா."

பேர்கன் நகரில் லெப்ரா என்ற சொல் வெறும் சொல் அன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே தொழுநோயாளர் மிகுதியாகத் திரண்டிருந்த நகரம் அது. அந்நகரில் மட்டும் மூன்று தொழுநோய் மருத்துவமனைகள் இருந்தன. 1856 இல் நோர்வே நாடளாவிய தொழுநோயாளர் பதிவேட்டைத் தொடங்கியபோது ஏறத்தாழ 3000 பேர் அதில் இடம்பெற்றனர். 1873 இல் தொழுநோயின் நுண்ணுயிரை ஆர்மவர் ஹான்சன் கண்டறிந்ததும் பேர்கனில்தான். நோயாளரைத் தனிமைப்படுத்த 1877 இலும் 1885 இலும் சட்டங்கள் வந்தன. புனித யோர்கன் மருத்துவமனையின் கடைசி இரு நோயாளர்கள் 1946 இல் இறந்தார்கள். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். நோயாளர் இருவர் இருவராக ஆயுள் முழுவதையும் கழித்த சின்னஞ்சிறு மர அறைகளை இன்றும் பார்க்கலாம். எங்கள் கதையில் வரும் பிள்ளையை அவளுடைய பாடசாலை அங்கே அழைத்துச் சென்றிருந்தது. அந்த அறைகளை அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

இலங்கைத் தமிழருக்கும் இந்தப் பயம் புதிதன்று. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் 1708 இலேயே ஒல்லாந்தர் தொழுநோய் மருத்துவமனை அமைத்தார்கள். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் நோயாளரைத் தனியே வைத்திருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இன்று தொழுநோய் மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய். உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981 இல் பரிந்துரைத்தது. 1995 முதல் அம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் அந்த அறையில் நோயாளியாகவும் இல்லை, நோயாளியின் பிள்ளையாகவும் இல்லை. ஒரு கருவியாக இருந்தாள். கருவிக்கு யார் விளக்கம் சொல்வார்கள்?

ஹான்சனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இளையோர் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். 1879 நவம்பரில் அவர், தொழுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுமா என்று நிறுவுவதற்காக, வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளைக் காரி நீல்ஸ்தாத்தர் என்ற பெண் நோயாளியின் கண்ணில் கத்தி முனையால் செலுத்தினார். அவரிடம் அனுமதி கேட்கவில்லை, நோக்கத்தையும் சொல்லவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தன் நோக்கில் அந்தப் பெண் இதைப் பார்க்கமாட்டார் என்று எண்ணியதால் கேட்கவில்லை என்று ஹான்சனே ஒப்புக்கொண்டார். 1880 இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளரை, ஒரு ஏழைப் பெண்ணிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறவில்லை என்பதற்காகத் தண்டித்த நகரம் பேர்கன். நோயாளிக்கு விளங்கும்படி சொல்லாமல் அவர் உடலைத் தொடக் கூடாது என்ற கொள்கை அந்த மண்ணில் அவ்வளவு பழையது. அதே நகரில் ஒரு தமிழ்த் தாய், தனக்கு என்ன செய்யப்படுகிறது என்று தெரியாமலே நெற்றியில் பஞ்சு பட அமர்ந்திருந்தார்.

மூன்று வாரங்கள் கழித்து, கை வெடிப்புக்கும் நெற்றிப் புள்ளிக்கும் ஒவ்வாமை காரணமா என்று அறிவதற்காக முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். பல பொருட்களைச் சிறு சிறு வில்லைகளில் இட்டு முதுகில் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை ஒட்டி, புதன்கிழமை கழற்றி, வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பது வழக்கம். எந்த இடத்தில் எந்தப் பொருள் இருந்தது என்று மையால் கோடிட்டு வைப்பார்கள். வெள்ளி வரைக்கும் முதுகு நனையக் கூடாது, மை அழியக் கூடாது. வீட்டில் பயன்படுத்தும் பொருட்களையும் கொண்டுவரச் சொல்வார்கள். இவ்வளவையும் தாதி ஒரே மூச்சில் சொன்னார். "புதன்கிழமை கழட்டுவினமாம், அதுவரைக்கும் முழுகக் கூடாதாம்" என்று மகள் சுருக்கினாள். புதன்கிழமை கழற்றினார்கள். இரண்டு நாள் தேய்க்காத முதுகை அன்று மாலையே தாய் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்தார். வெள்ளிக்கிழமை தாதி பார்த்தபோது முதுகில் ஒரு கோடும் இல்லை. சோதனை வீணானது. மீண்டும் காத்திருப்பு.

அந்த வாரமே வகுப்பாசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பிள்ளை பல நாட்களாக யாருடனும் பேசுவதில்லை, மதிய உணவைத் தோழிகளுடன் பகிர்வதில்லை, தனியே அமர்கிறாள் என்றார். அன்றிரவுதான் உண்மை வெளிவந்தது. அம்மாவுக்குத் தொழுநோய், அது தனக்கும் வந்திருக்கும், தோழிகளுக்குத் தொற்றிவிடும், அம்மாவைக் கொண்டுபோய் அந்த மர அறையில் விட்டுவிடுவார்கள் என்று அவள் மூன்று வாரங்களுக்கு மேலாக மனத்துக்குள் வைத்து அழுதிருக்கிறாள். அம்மா பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்வது சோம்பலால் அன்று. அதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்" என்ற அச்சம்தான் அது. சிறிய சமூகம்; எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதிலும் தோல் நோய் என்றால் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். நெஞ்சு வலியைச் சொல்லலாம், வெண்புள்ளியைச் சொல்ல முடியாது. இந்த அச்சம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கள் மண்டபங்களில் பேச்சு எப்படிப் பரவும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். அறிமுகமானவர் வந்தால் வேறொருவரைக் கேட்கலாம். பெண்ணொருவரைக் கேட்கலாம். வேறு நகரிலிருந்து தொலைபேசி வழியாகப் பேசும் ஒருவரை ஒழுங்குசெய்யச் சொல்லலாம். அவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் இரகசியம் காப்பதற்காகத் தெரிவுசெய்த அந்தப் பிள்ளையோ, அதைக் காக்கத் தன் நித்திரையையே விலையாகக் கொடுத்தாள்.

சட்டம் என்ன சொல்கிறது? நோர்வேயில் பொதுச் சேவைகளில் மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவது பற்றிய தனிச் சட்டம் 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தகுந்த சேவை வழங்குவதற்குத் தேவையான போது மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு நிறுவனத்தினுடையது. நோயாளி தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டியதில்லை. பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடைசெய்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர வேளை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. தகுதிபெற்றோரின் தேசியப் பதிவேடு 2005 முதலே இருக்கிறது. ஆகவே முன்னர் விட்டுவைத்த கேள்விக்குப் பதில் இதுதான்: பெரிய பிழை மருத்துவமனையினுடையது. தாய் வேண்டாம் என்றாலும், பிள்ளையைக் கண்டதும் மருத்துவர் நிறுத்தியிருக்க வேண்டும். தாயின் பிழை சிறியது. என்றாலும் அதன் விலையைக் கொடுத்தது அவர் வீடு.

எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. டென்மார்க் 2018 இல், நாட்டில் மூன்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் மருத்துவ மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. எங்கே வாழ்ந்தாலும் மருத்துவமனைக்குப் போகும் முன்பே, கடிதம் கிடைத்த அன்றே, இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்திலேயே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று எழுதச் சொல்வது எல்லாவற்றிலும் இலகுவான வழி. இலங்கைத் தமிழ் என்று குறிப்பிடச் சொல்வதும் நல்லது. கை கடிக்கிறது என்றால் யாழ்ப்பாணத்தில் அரிப்பு. தமிழ்நாட்டில் பிறந்த மொழிபெயர்ப்பாளர், என்ன பூச்சி என்று திருப்பிக் கேட்கக்கூடும்.

கணினித் துறையில் இருப்போருக்கு இது எளிதாக விளங்கும். ஓர் இணைப்பில் ஒரு முனை தரவை அனுப்பினால் மறுமுனை பெற்றுக்கொண்டேன் என்று பதில் அனுப்பும். அனுப்பியதும் பெற்றதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கவும் ஏற்பாடு உண்டு. மருத்துவரின் அறையில் எம்மவர் அனுப்பும் பதில் தலையாட்டல் மட்டுமே. அதிலும் நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டலை நோர்வேஜியர் ஆம் என்று கொள்வதா இல்லை என்று கொள்வதா? கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் சரிபார்ப்பு. "வெள்ளி வரைக்கும் முதுகு நனையக் கூடாது, சரிதானே?" என்று ஒரு வாக்கியம் திரும்பிப் போயிருந்தால் அந்தச் சோதனை பிழைத்திருக்கும். களிம்புக்கும் இது பொருந்தும். மெல்லியதாகப் பூசுங்கள் என்றால் எவ்வளவு? ஸ்டீராய்ட் களிம்புக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவு இருக்கிறது: வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம், அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். எத்தனை விரல் நுனி, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று எண்ணிக்கையாகவே கேட்டு எழுதிக்கொள்ளலாம். எண்ணுக்கு மொழிச் சிக்கல் குறைவு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மொழி மட்டுமே தடை அன்று. நிறமும் ஒரு மொழிதான். வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று தெரியும் அழற்சி, எங்கள் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். தோல் நிறத்தை வகைப்படுத்தத் தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975 இல் தந்த அளவுகோல் முதலில் வெளிர் தோல்களுக்கே அமைந்தது. கருந்தோல் வகைகள் பின்னர் சேர்க்கப்பட்டன. பாடநூற் படங்களில் கருந்தோல் அரிதாக இருப்பதைக் கண்ட மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், 2020 இல் லண்டனில் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து அதற்கெனவே ஒரு கைந்நூலை வெளியிட்டார். ஒரு மாணவரால் செய்ய முடிந்த வேலை அது; எங்கள் இளையோரின் கவனத்துக்கு. ஆகவே தோல் மாறிய நாளிலேயே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பது நன்று. முன்பு என்ன நிறம், இப்போது என்ன நிறம் என்று காட்டுவதற்குச் சொல் தேவையில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவற்றில் புதிதாகத் தோன்றும் கருமையையும் காட்ட வேண்டும். கருந்தோலருக்குத் தோற்புற்றுநோய் வராது என்பது பிழையான நம்பிக்கை. பாடகர் பாப் மார்லி 1981 இல் 36 வயதில் இறந்தது, கால் விரல் நகத்தின் கீழ் தொடங்கிய அத்தகைய புற்றுநோயால்தான்.

இளையோரே, உங்களிடம் உதவ வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் அழைத்து, அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பதிவுசெய்யுங்கள். படங்களை எடுங்கள், மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுங்கள், திகதிகளைக் குறியுங்கள். ஆனால் மருத்துவரின் அறைக்குள், உங்கள் தாயின் உடலுக்கும் மருத்துவரின் வாய்க்கும் நடுவே, அமராதீர்கள். அங்கே உங்களை அமரச் சொன்னால் மறுக்கலாம். அப்படி மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மறுபடியும் பேர்கனுக்கு வருவோம். அடுத்த சந்திப்புக்கு மருத்துவமனையே மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்தது. வேறொரு நகரிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு பெண். தாம் கேட்கும் எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார் என்றும், இரகசியம் காப்பார் என்றும் முதலில் அறிவித்தார். தாய் "எனக்கு" என்று சொன்னால் அவரும் நோர்வேஜிய மொழியில் "எனக்கு" என்றே சொன்னார். பத்து நிமிடத்தில் தாய்க்கு நடுவில் ஒருவர் இருப்பதே மறந்துபோனது.

அன்றுதான் மருத்துவர் கேட்டார்: புள்ளி இருக்கும் இடத்தில் வழக்கமாக எதையாவது பூசுவதோ ஒட்டுவதோ உண்டா? தாய் திகைத்தார். "பொட்டு" என்றார். 20 ஆண்டுகளுக்கு மேலாக, நாள்தோறும், அதே இடத்தில் ஒட்டுப்பொட்டு. மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம், புள்ளியைக் காட்ட வேண்டுமே என்று அதைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். மருத்துவர் ஒருமுறைகூட அவரைப் பொட்டுடன் கண்டதில்லை. மகளுக்கோ, அம்மாவின் பொட்டு ஒரு செய்தி என்று தோன்றவே இல்லை.

சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது தோலின் நிறக் கலங்களைச் சேதப்படுத்தக்கூடியது. பொட்டு ஒட்டிய இடத்தில் வெள்ளை படர்வதை இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். பேர்கனில் ஒரு மருத்துவர் அதை நினைவுகூர்வதற்கு, பொட்டு என்ற ஒரு சொல் அந்த அறைக்குள் வந்தாக வேண்டியிருந்தது. கைப்பையிலிருந்து தாய் பொட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார். சற்றுத் தயங்கி இன்னொன்றையும் எடுத்து வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த ஒரு களிம்பு. புள்ளிக்கு மேல் மாதக் கணக்கில் பூசி வந்திருக்கிறார். மகளுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். மருத்துவர் பெயரைப் படித்தார். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிகொல்லியும் ஒன்றாகக் கலந்தது. அத்தகைய ஸ்டீராய்ட் களிம்புகள் மருத்துவச் சீட்டின்றி விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த இந்தியா 2018 இல் விதிகளை இறுக்கியது என்றாலும், பயணப் பெட்டிகளில் அவை இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நெடுநாள் பூசினால் தோல் மெலியும், நிறமும் வெளிறும். உடனே நிறுத்தச் சொன்னார்.

பொட்டுப் பசையை அந்த இடத்தில் இனிப் படவிடக் கூடாது. நிறம் மெதுவாகத் திரும்பலாம், முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஒட்டுச் சோதனைக்கு மறுபடி நாள் குறித்தார். கைகளுக்கு வேறு களிம்பும், இரப்பர் கையுறைக்குள் அணியப் பருத்திக் கையுறையும் எழுதிக் கொடுத்தார். வேறு கேள்வி உண்டா என்றார்.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மாதக் கணக்கில் நெஞ்சில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "இது என்ரை பிள்ளைக்கும் வருமோ?" இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையின் வாயால் எப்படிக் கேட்பது? தொலைபேசியின் மறுமுனையில் இருந்த குரல் அதை அப்படியே கேட்டது. பசையால் வந்த வெண்மை பரம்பரையாகத் தொடர்வதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை, தொழுநோய் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மருத்துவர் சொன்னார். இம்முறை "நினைக்கவில்லை" என்று சொல்லவில்லை, "இல்லை" என்றார். தாய் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்நேரம் மகள் வகுப்பில் கணிதப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து புத்தகப் பையை இறக்கும் முன்பே, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தாய் எல்லாவற்றையும் சொன்னார். அது தொழுநோய் அன்று என்பதையும், மருத்துவர் அதை எப்படி உறுதியாகச் சொன்னார் என்பதையும் இரண்டு தடவை சொன்னார். பிள்ளை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கிய நாட்காட்டியில் அடுத்த திங்கள், புதன், வெள்ளி மூன்றையும் வட்டமிட்டு, வெள்ளி வரைக்கும் முதுகில் தண்ணீர் படக் கூடாது என்று தமிழில் எழுதினாள். தண்ணீருக்குச் சரியான "ண" எது என்று தாயிடம் கேட்டுத்தான் எழுதினாள்.